வடசென்னையில் ரோட்டரி தலைவர் பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு டிசம்பரிலும் எனக்கு இப்படி ஒரு போன் வரும்: "அண்ணே, அடுத்த வருஷத்துக்கு என் பேரைப் படிச்சுட்டாங்க. எல்லாரும் கை தட்டிட்டாங்க. இப்ப நான் என்ன பண்றது?"

தண்டையார்பேட்டை பக்கம் கூடும் ஒரு ரோட்டரி சங்கத்தில் இரண்டு வருடம் பொருளாளராகவும் ஒரு வருடம் தலைவராகவும் இருந்தவன் நான். ராயபுரம், திருவொற்றியூர், பெரம்பூர் என்று பக்கத்துச் சங்கங்களில் இருந்தும் கூப்பிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நம்மைப் போலவே சேவைச் சங்கம் நடத்தும் லயன்ஸ்காரர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

எனக்கு அவ்வளவு அனுபவம் கிடையாது. ஒத்துக்கொள்ளலாமா?

உங்கள் பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை. மீதிப் பாதி, வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்", "கடையை இடிச்சுக் கட்டறேன்" என்று நழுவிக்கொண்டது. இரண்டையும் தெரிந்துகொண்டு தலையாட்டினால் கர்வமும் வராது, பயமும் வராது.

அனுபவம் வந்துவிடும். நேரம்தான் வராது. பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் கடை. சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணி வரைதான் வியாபாரமே. சங்கத்து வேலையும் சரியாக அதே நேரத்தில்தான் வந்து நிற்கும். அந்த ஒரு வருடம் கல்லாவில் என் மனைவி உட்கார்ந்தார். அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் நானும் பெண் கல்யாணம் என்று ஏதாவது சொல்லித்தான் நழுவியிருப்பேன். ஆகவே முதலில் வீட்டில் கேளுங்கள், அப்புறம் சங்கத்தில் சரி சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

பொறுப்பு எப்போது தொடங்கும்?

ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. லயன்ஸிலும் இதே கணக்குதான். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் டிசம்பர் 31க்குள் நடந்துவிட வேண்டும் என்பது ரோட்டரி விதி. எனக்கு டிசம்பரில் போன் வருவது அதனால்தான்.

நடுவில் இருக்கும் ஆறு மாதத்தைச் சும்மா காத்திருக்கும் காலம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தலைவர்களுக்காக மாவட்டம் (அரசு மாவட்டம் இல்லை, பல சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டம்) ஒரு பயிற்சி நடத்தும், அதற்குப் போயே ஆக வேண்டும். செயலாளர், பொருளாளர் யார் என்று முடிவு செய்ய வேண்டும். செயலாளராக நெருங்கிய நண்பரைப் போடத்தான் எல்லாருக்கும் ஆசை. நான் சொல்வது, போனை எடுக்கிறவரைப் போடுங்கள். நண்பர் எடுக்கமாட்டார், நண்பர்தானே என்று விட்டுவிடுவார்.

ஒரு விஷயத்தை எல்லாரும் மறப்பார்கள்: வங்கிக் கையெழுத்து. புதிய தலைவரும் பொருளாளரும் செக்கில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் தீர்மான நகல், ஆதார், பான், போட்டோ எல்லாம் கொடுத்து வங்கிப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். நாங்கள் ஜூலை முதல் வாரத்தில் சாவகாசமாகப் போனோம். மூன்றாவது வாரம் வரை ஒரு செக்கும் போட முடியவில்லை. நோட்டுப் புத்தகம் கொடுத்த கடைக்காரர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போன் செய்து என் உடல்நலம் விசாரித்தார். நீங்கள் தீர்மானத்தை மே மாதமே போட்டு, ஜூனில் காகிதங்களைக் கொடுத்துவிடுங்கள்.

கையிலிருந்து எவ்வளவு போகும்?

இதை யாரும் நேராகக் கேட்பதில்லை. "செலவெல்லாம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் இல்லண்ணே?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

போகும். எந்த விதியிலும் எழுதியிருக்காது, ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பதவியேற்பு விழாவுக்கு ஏசி ஹால், பிளெக்ஸ், நாற்பது சால்வை, பஃபே. அப்புறம் மாவட்ட மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணம். அதற்கும் மேல், தலைவர் என்றால் ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 டாலர் கொடுத்து 'பால் ஹாரிஸ் ஃபெலோ' என்ற கௌரவப் பட்டம் வாங்க வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு. அது நல்ல காரியம்தான். போலியோ ஒழிப்புக்கும் பெரிய திட்டங்களுக்கும் பணம் போவது அந்த அறக்கட்டளை வழியாகத்தான். ஆனால் முடிந்தவர் விருப்பப்பட்டுக் கொடுப்பது அது. தலைவர் பதவிக்கான கட்டணம் என்று யாராவது சொன்னால், எந்த விதியில் இருக்கிறது என்று கேளுங்கள். பேச்சு மாறிவிடும்.

என் பதவியேற்பை ஒரு சமுதாயக் கூடத்தில் வைத்தோம். இட்லி, மெதுவடை, சாம்பார், கேசரி, காபி. சால்வை வேண்டாம், அந்தக் காசுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கி வாருங்கள் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டோம். சங்கத்தின் மூத்தவர் ஒருவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டே என் காதருகில் வந்து, "கவர்னருக்கு இதையா போடறது?" என்றார். அந்தப் பக்கம் மாவட்ட கவர்னர், அதாவது எங்கள் ரோட்டரி மாவட்டத்தின் தலைவர், சாம்பாரில் இரண்டாவது வடையை ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று சேர்ந்த நோட்டுக் கட்டுகள் மேடையின் ஓரத்தில் இடுப்புயரம் இருந்தன.

என்னால் இவ்வளவுதான் முடியும் என்று ஒரு தொகையை ஜூனிலேயே நிர்வாகக் குழுவில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வருடம் முழுக்க ஒவ்வொரு பில்லும் "பிரசிடென்ட் பார்த்துப்பார்" என்று உங்கள் பக்கம் நகர்ந்து வரும்.

கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை. என்ன செய்யலாம்?

முன்பெல்லாம் வாரம் ஒரு கூட்டம் கட்டாயம். 2016க்குப் பிறகு சங்கமே முடிவு செய்துகொள்ளலாம், மாதத்துக்கு இரண்டு கூட்டமாவது இருந்தால் போதும். ஒரு கூட்டத்தை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ளலாம்: பள்ளிக்கு நேராகப் போய்விடுவது மாதிரி. அங்கேயே மணி அடித்துத் தொடங்கினால் அதுவும் கூட்டம்தான்.

நேரத்தை ஊரைப் பார்த்து வையுங்கள். எங்கள் சங்கத்தில் மணலி பக்கம் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் உண்டு, துறைமுகத்தில் சரக்கு ஏஜென்சி வைத்திருப்பவர்கள் உண்டு, காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. படகுக்காரர் ராத்திரி 2 மணிக்கு எழுந்தால்தான் ஏலத்துக்குப் போக முடியும். இரவு 8.30 மணிக்குக் கூட்டம் போட்டு, 10 மணிக்குச் சாப்பாடு போட்டால் அவர் எப்படி வருவார்? வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தோம். 7 மணிக்கு மாற்றினோம், வந்துவிட்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும் நாளில் யாரும் எந்த நேரத்துக்கும் வரமாட்டார்கள். அதற்கு நான் மருந்து கண்டுபிடிக்கவில்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் இடம் பார்த்துக்கொண்டோம். அது கொஞ்சம் உதவியது.

வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போட்டால் கட்டைவிரல் வரும், ஆள் வராது. கூட்டத்துக்கு முந்தின நாள் ஐந்து பேருக்கு நீங்களே போன் செய்யுங்கள், செயலாளர் ஐந்து பேருக்கு.

முதல் வேலையாக எந்தத் திட்டத்தை எடுப்பது?

புதிதாக எதையும் எடுக்காதீர்கள். முன்னால் இருந்தவர்கள் செய்துவிட்டுப் போனதை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு பள்ளிக்கூட வராந்தாவில். நோட்டுப் புத்தகம் கொடுக்கப் போயிருந்தோம். சுவரில் எங்கள் சங்கத்தின் கல்வெட்டு: கறுப்பு கிரானைட், பொன்னெழுத்து, அன்றைய தலைவர், செயலாளர், பொருளாளர், கவர்னர் பெயர்கள். யாரோ அன்றைக்குத்தான் துடைத்திருந்தார்கள். அதன் கீழே நான்கு குழாய் வைத்த ஸ்டீல் தொட்டி, பக்கத்தில் ஆர்.ஓ. இயந்திரம். தொட்டி மேல் உடைந்த பெஞ்சுக் கால்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் ஒரு குழாயைத் திருகினேன். பின்னால் நின்ற ஆறாம் வகுப்புப் பையன், "அது வராது சார்" என்றான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. லைட் இல்லாத மாடிப்படியைப் பற்றிச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னான். கடலோரம், நிலத்தடி நீர் உப்பு, பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு வருகிறார்கள்.

தலைமையாசிரியை சொன்னார்: "பில்டர் மாத்தணும்னு மூணு வருஷமா உங்க சங்கத்துக்கு லெட்டர் எழுதறேன் சார். ஒவ்வொரு தடவையும், தலைவர் மாறிட்டார், புதுத் தலைவர்கிட்ட சொல்றோம்னு சொல்றாங்க."

கடைக்குத் திரும்பி வந்தும் அந்த வாக்கியம் காதிலேயே இருந்தது. அந்த வாரமே பழைய கோப்புகளை எடுத்து, பத்து வருடத்தில் சங்கம் எங்கெங்கே என்னென்ன கொடுத்தது என்று பட்டியல் போட்டோம். தையல் இயந்திரங்கள், ஒரு கழிப்பறை வரிசை, இரண்டு ஆர்.ஓ. இயந்திரம், பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிமென்ட் பெஞ்ச், ஒரு நூலக அலமாரி. இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்த்தோம். பாதிக்கு மேல் ஓடவில்லை. கழிப்பறைக்குத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய்ப் பூட்டிக் கிடந்தது. அலமாரியின் சாவி தொலைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புத்தகங்கள் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

என் வருடத்தின் பெரும்பகுதி இதற்கே போனது. ஆர்.ஓ.வுக்கு மெம்பரேனும் கார்பன் பில்டரும் மாற்றிப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டோம். ஒரு புது இயந்திரத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மோட்டாரை என் கடையிலேயே வைண்டிங் செய்தோம். மாவட்ட விருது விண்ணப்பத்தில் 'புதிய திட்டங்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது, 'பழுது பார்த்தவை' என்று ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு எந்த விருதும் வரவில்லை. அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது.

பெரியதாகத்தான் செய்வேன் என்றால் ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியம் இருக்கிறது. ஆனால் அதற்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், வேறொரு நாட்டுச் சங்கமோ மாவட்டமோ கூட்டாளியாக வேண்டும். எழுதி, ஒப்புதல் வாங்கி, முடித்துக் கணக்குக் கொடுக்க ஒரு வருடம் போதாது. அடுத்த தலைவரையும் அதற்கடுத்தவரையும் உட்கார வைத்துப் பேசாமல் அதைத் தொடாதீர்கள்.

கண் முகாம், ரத்ததான முகாம் நடத்துவது எப்படி?

கண் பரிசோதனை என்றால் லயன்ஸ்காரர்கள் நம்மைவிட முன்னோடிகள். 1925இல் கண்பார்வையற்ற எழுத்தாளர் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பேசிக் கேட்டுக்கொண்டதிலிருந்து அதை விடாமல் செய்கிறார்கள். பக்கத்து லயன்ஸ் சங்கத்தோடு சேர்ந்து நடத்துவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. முகாமில் நடப்பது பரிசோதனை மட்டும். புரை அறுவைக்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று, இதோ பக்கத்தில் இருக்கிறது. அப்படியும் "ஆபரேஷன் பண்ணணும்" என்று சீட்டு வாங்கிய பாட்டிகளில் பலர் போகவே மாட்டார்கள். பயம் ஒரு பக்கம். கூடப் போக வேண்டிய மகளுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பது இன்னொரு பக்கம். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று எழுதிக்கொள்வதை விட்டு, சீட்டு வாங்கிய ஒவ்வொருவரையும் யார் வண்டியில் கூட்டிப்போவது என்று முதலில் எழுதிவிட்டு முகாமை நடத்துங்கள்.

நாங்கள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குக் கண் முகாம் வைத்தோம். மற்ற ஊர்களில் ஞாயிறு விடுமுறை. காசிமேட்டில் வாரத்திலேயே பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். மீன் விற்கும் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே டாக்டர்களும் நாங்களும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். 11 மணிக்கு அந்தப் பக்கம் வந்த ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வாரத்துல ஆறு நாள் இருக்கே நைனா, ஒனக்கு இன்னிக்குத்தான் கெடச்சுதா?" என்றார். அடுத்த முகாம் வார நாளில், மதியம் 3 மணிக்கு. கூட்டம் தாங்கவில்லை.

ரத்ததானத்துக்கு உரிமம் பெற்ற ரத்த வங்கிதான் வந்து எடுக்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை நமக்குப் பக்கம். வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும். பெண்கள் ஆசையாக வருவார்கள், ஹீமோகுளோபின் குறைவு என்று நிறைய பேரைத் திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் முகம் வாடிப் போகும். அவர்களுக்கென்று ஒரு நாற்காலியும் ஒரு டாக்டரும் தனியாக வையுங்கள். ரத்தசோகையைக் கவனிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ரமலான் மாதத்தில் பகலில் ரத்ததான முகாம் வைக்காதீர்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டையில் நம்மிடம் ரத்தம் கொடுக்கிற பையன்களில் பாதிப் பேர் நோன்பில் இருப்பார்கள்.

மழை, வெள்ளம் வந்தால் தலைவர் என்ன செய்ய வேண்டும்?

நவம்பர், டிசம்பர் உங்கள் வருடத்துக்குள்தான் வரும், தப்பிக்க முடியாது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். முதல் நாள் எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு வருவார்கள், ஒரே தெருவுக்கு நான்கு வேன் வரும், உள்சந்துக்கு ஒன்றும் வராது. நான்காம் நாள் யாரும் இருக்கமாட்டார்கள். அன்றைக்குத்தான் பாய், பக்கெட், பிளீச்சிங் பவுடர், கொசுவலை, நாப்கின், பிள்ளைகளுக்கு உள்ளாடை எல்லாம் தேவைப்படும். சங்கத்தின் பணத்தை நான்காம் நாளுக்கு வையுங்கள்.

மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் வந்து சேர்ந்தபோது மீனவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் அதை அள்ளினார்கள். நாங்கள் போர்வையோடு போய் நின்றோம். ஒரு பெரியவர் கையைக் காட்டினார், முழங்கை வரை கறுப்பு. "இத்தக் கழுவ என்னா இருக்கு?" என்று கேட்டார். போர்வையை வேனிலேயே வைத்துவிட்டுக் கையுறையும் தேங்காய் எண்ணெயும் சோப்பும் வாங்க ஓடினோம். அதிலிருந்து, போவதற்கு முன் அங்கே இருக்கும் ஒருவருக்குப் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறோம்.

மாநகராட்சியின் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டல அலுவலகங்களில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அக்டோபரிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1913 புகார் எண்ணும் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

பணமும் கணக்கும்?

உறுப்பினர் சந்தா ஒரு கணக்கு, மக்களுக்கென்று திரட்டும் பணம் வேறு கணக்கு. இரண்டையும் கலக்கவே கூடாது. முகாமுக்கு வந்த நன்கொடையில் கூட்டத்துச் சாப்பாட்டு பில்லைக் கட்டிவிட்டு "அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று சொன்ன சங்கங்கள் சரி பண்ணியதை நான் பார்த்ததில்லை.

ரோட்டரி தலைமையகத்துக்குச் சங்கம் கட்டும் சர்வதேசச் சந்தா ஜூலையிலும் ஜனவரியிலும், டாலர் கணக்கில், பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் வரும். மூன்று வருடமாக முகமே காட்டாதவரின் பெயரும் பட்டியலில் இருந்தால் அவருக்கும் சேர்த்துச் சங்கம்தான் கட்ட வேண்டும். ஜூன் கடைசிக்குள் அவரிடம் பேசி, இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வரிவிலக்குச் சான்று கேட்பவர்களிடம் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்காதீர்கள், ரொக்கத்துக்கு அதற்கு மேல் விலக்குக் கிடைக்காது. செக்கோ ஜிபேயோ கேளுங்கள். துபாயில் வேலை பார்க்கும் நம்ம ஏரியா பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால், தன் சொந்தச் சம்பளத்திலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான மத்திய அரசுப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பாசம் வேறு, சட்டம் வேறு. ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகுக்காரர்களிடமும் ஐஸ் பேக்டரிக்காரர்களிடமும் நன்கொடை கேட்டுப் போய் நிற்காதீர்கள். அவர்கள் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கடன் வாங்கிக் கொடுப்பார்கள்.

முன்னாள் தலைவர்களை எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க முடியாது. நீங்களும் அடுத்த வருடம் அதில் ஒருவர்தான். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு, "சார், உங்க வருஷத்துல இதை எப்படிப் பண்ணீங்க?" என்று கேளுங்கள். பாதி நேரம் உண்மையிலேயே நல்ல வழி சொல்வார்கள். மீதி நேரம் காபி நன்றாக இருக்கும்.

கவுன்சிலர், எம்.எல்.ஏ.வை மேடைக்குக் கூப்பிடலாமா?

மக்கள் பிரதிநிதியாகக் கூப்பிடலாம். கட்சிக் கொடி, கட்சித் துண்டு, தேர்தல் பேச்சு கூடாது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் யாரையும் கூப்பிடாதீர்கள். யாரையாவது ஒருவரைக் கூப்பிட்டால் அடுத்த கட்சிக்காரர் கோபித்துக்கொள்வாரே என்பார்கள். ஆமாம், கோபித்துக்கொள்வார்.

பெண் தலைவர் என்றால் சிக்கல் வருமா?

ரோட்டரி பெண்களுக்குக் கதவைத் திறந்ததே 1989இல்தான். எங்கள் சங்கத்திலும் வெகுநாள் வரை பெண்கள் என்றால் உறுப்பினரின் மனைவி, குத்துவிளக்கு ஏற்றுபவர் என்று இருந்தது. எனக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு டியூஷன் சென்டர் நடத்தும் அம்மா தலைவரானார். கூட்டங்கள் சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடிந்தன. சிலருக்கு அதுவே பெரிய சிக்கலாக இருந்தது.

இளைஞர்களை எப்படி இழுப்பது?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்டராக்ட், கல்லூரி வயதினருக்கு ரோட்டராக்ட் இருக்கின்றன. முதலாவது 1962இலிருந்து, அடுத்தது 1968இலிருந்து. ஆனால் அந்தப் பெயர்களைச் சொல்லி இங்கே யாரையும் இழுக்க முடியாது. கேரம் போர்டு, கால்பந்து, குத்துச்சண்டை என்று சொல்லுங்கள். கேரமில் இரண்டுமுறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் நம் சென்னைக்காரர். அதே கேரமில் 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்று வந்த காசிமா புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடிப் பையன்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்க நாம் யாரும் தேவையில்லை, ஷூவும் பந்தும் மைதானத்துக்கு லைட்டும் தேவை. ஒரு தெரு கேரம் கிளப்புக்கு இரண்டு போர்டும், போர்டுக்கு மேலே தொங்கவிட ஒரு லைட்டும் போட்டுக் கொடுத்தோம். அடுத்த ரத்ததான முகாமுக்கு அந்தக் கிளப்பிலிருந்து 17 பேர் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

கொடுக்கும்போது போட்டோ எடுக்கலாமா?

கொடுத்த பொருளை எடுங்கள், கூடிய கூட்டத்தை எடுங்கள். தையல் இயந்திரம் வாங்கும் பெண்ணின் தோளைத் திருப்பி "இங்க பாரும்மா, சிரி" என்று ஐந்து பேர் கைவைத்து நிற்கும் படம் வேண்டாம். மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பப் படம் வேண்டும்தான். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் தைத்த பள்ளிச் சீருடைகளைப் படமெடுத்து அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

ஜூன் 30 அன்று என்ன செய்ய வேண்டும்?

தலைவர் கழுத்தில் போடும் காலரைக் கழற்றிக் கொடுப்பது சுலபம். அதோடு ஒரு துணிப்பையும் கொடுங்கள். நான் கொடுத்த பையில் இருந்தவை: செக் புத்தகம், கூட்டக் குறிப்பேடு, மணியும் சுத்தியலும், பேனர் வைத்திருக்கும் பீரோவின் இரண்டு சாவி, ஆர்.ஓ. பராமரிப்பு ஒப்பந்தம், அது முடியும் தேதி சிவப்பில் வட்டமிட்டது, தலைமையாசிரியையின் போன் எண், நூலக அலமாரியின் மாற்றுச் சாவி. வாட்ஸ்அப் குழுவில் புதிய தலைவரை அட்மின் ஆக்கிவிட்டு என்னை எடுத்துவிட்டேன்.

ஜூலை 4ஆம் தேதி அந்தத் தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார், மூன்றாவது குழாயில் ஒழுகுகிறதாம். புதிய தலைவரின் எண்ணைக் கொடுத்தேன். "அவர் நேத்தே வந்து பார்த்துட்டாரு சார், உங்ககிட்டயும் சொல்லலாம்னுதான்" என்றார்.